இலவசப் பைக்குப் பின்னால் உள்ள கணக்கு: சன்டான்ஸ் விழாவும் பிரபலங்களின் ஓசிப் பரிசுகளும்

அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழா யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டியில் 2026 ஜனவரியில் கடைசியாக நடந்தது. 2027 முதல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகருக்குப் போகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே ஊரில் நடந்த விழா இடம் மாறும்போது அதன் பழைய பெருமைகளோடு பழைய புகார்களும் சேர்ந்தே கிளம்பும். அவற்றில் ஒன்று விஷயம் தெரியாதவர்களை நிறையவே குழப்புகிறது. கடன் வாங்கிப் படம் எடுத்தவர்களுக்காக நடக்கும் விழா இது. அங்கே ஏற்கெனவே வசதியாக இருக்கும் நடிகர்கள் ஜாக்கெட், செல்போன், நகை என்று இலவசமாக அள்ளிக்கொண்டு போனார்கள் என்கிறார்கள். கொடுத்தது யார்? விழா நடத்துபவர்களா? அவர்களுக்கு இதில் என்ன லாபம்?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். பெரும்பாலான பரிசுகளை விழா கொடுக்கவில்லை. கொடுத்த பல நிறுவனங்களுக்கு விழாவோடு ஒப்பந்தம்கூடக் கிடையாது. ஆனாலும் விழா இல்லாமல் அந்தப் பரிசுகளுக்கு அங்கே வேலையே இல்லை. இந்த முரண்பாடு எப்படி உருவானது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சுயாதீனப் படம், விழா, சந்தை

சுயாதீனப் படம் என்பது பெரிய ஸ்டுடியோவின் பணமும் கட்டுப்பாடும் இல்லாமல் எடுக்கப்படும் படம். பட்ஜெட் பெரும்பாலும் சிறியதாக இருக்கும், ஆனால் அது மட்டுமே அடையாளம் அல்ல. படம் முடியும் நேரத்தில் அதை வெளியிட ஒரு விநியோகஸ்தர்கூட ஒப்புக்கொண்டிருக்க மாட்டார் என்பதுதான் இங்கே முக்கியம். கையில் படம் இருக்கும், திரையரங்கு இருக்காது.

விழாவின் வேலை, தேர்ந்தெடுத்த படங்களைப் பார்வையாளர்களிடமும் விமர்சகர்களிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. சந்தையின் வேலை, படத்தின் உரிமையை விற்பவரையும் வாங்குபவரையும் சந்திக்க வைப்பது. பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் இந்த இரண்டும் தனித்தனி. 1959 முதல் அங்கே அதிகாரபூர்வமான திரைப்படச் சந்தை ஒன்று விழாவோடு சேர்ந்து, ஆனால் தனி அமைப்பாக, நடக்கிறது. சன்டான்ஸில் அப்படிப்பட்ட சந்தை கிடையாது. வாங்குபவர்கள் பகலில் படம் பார்ப்பார்கள். இரவில் வாடகை வீட்டிலோ உணவகத்திலோ உட்கார்ந்து விடிய விடியப் பேரம் பேசுவார்கள். அதனால் கலை, வியாபாரம், விருந்து எல்லாமே ஒரே தெருவில் நடக்கும். எது விழா, எது விழாவின் பெயரில் நடக்கும் வேறொன்று என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பிரித்துச் சொல்ல முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

சின்ன விழா பெரிதான கதை

1978-ல் சால்ட் லேக் சிட்டியில் வேறு பெயரில் தொடங்கிய விழா இது. 1981 ஜனவரியில் பார்க் சிட்டிக்கு மாறியது. அதே ஆண்டு நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்டு, புதிய இயக்குநர்களுக்குப் பயிற்சி தருவதற்காக சன்டான்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பைத் தொடங்கினார். 1980-களின் நடுவில் விழா அந்த அமைப்பின் கைக்கு வந்தது. 1991-ல் சன்டான்ஸ் என்ற பெயரும் வந்தது.

விழாவின் போக்கை மாற்றிய ஆண்டு 1989. ஸ்டீவன் சோடர்பெர்க் சுமார் 12 லட்சம் டாலரில் எடுத்த 'செக்ஸ், லைஸ், அண்ட் வீடியோடேப்' அங்கே ரசிகர் விருது வாங்கியது. சில மாதங்களில் கான் விழாவின் தங்கப்பனை விருதும் அதற்கே கிடைத்தது. மிராமாக்ஸ் அதை வெளியிட, அமெரிக்காவில் மட்டும் 2.4 கோடி டாலருக்கு மேல் வசூலானது. பத்தாண்டு கழித்து 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' சுமார் 11 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டு, உலகம் முழுக்க 24 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தது. இப்படிப்பட்ட வெற்றி பத்தாண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். ஆனால் அடுத்த ஒன்று எது என்று யாருக்கும் தெரியாது என்பதால், ஒன்றையும் தவறவிடக் கூடாது என்று எல்லோரும் வரத் தொடங்கினார்கள். விநியோகஸ்தர்கள், ஏஜென்டுகள், வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், புகைப்படக்காரர்கள், அப்புறம் நடிகர்கள்.

நடிகர்கள் வந்ததிலும் ஒரு தர்க்கம் உண்டு. ஸ்டுடியோ படங்களில் ஒரே மாதிரி வேடங்களில் மாட்டிக்கொண்ட நட்சத்திரங்கள், நல்ல வேடம் கிடைத்தால் குறைந்த சம்பளத்துக்குச் சின்னப் படங்களில் நடித்தார்கள். அப்படி நடித்த படத்தை விற்பதற்காகப் பார்க் சிட்டிக்கும் வந்தார்கள். ஆக, பிரபலங்களைப் பார்க் சிட்டிக்கு முதலில் வரவழைத்தவை பிராண்டுகள் அல்ல, அந்தச் சின்னப் படங்கள்தான்.

விழாவை ஒரு காலத்தில் தூய வெள்ளையாக இருந்து பின்னால் கறைபட்ட ஒன்றாக எழுதுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சன்டான்ஸ் என்ற பெயரில் ரெட்ஃபோர்டுக்குப் பனிச்சறுக்கு விடுதி இருந்தது. 1989-ல் உடையும் வீட்டுப் பொருட்களும் விற்கும் அஞ்சல்வழி விற்பனை வந்தது. 1996-ல் தொலைக்காட்சி சேனலும் வந்தது. வியாபாரம் எப்போதும் கூடவேதான் இருந்தது. 2000-க்குப் பிறகு மாறியது அதன் அளவும், அது யார் கையில் இருந்தது என்பதும்தான்.

ஏன் பார்க் சிட்டி?

பழைய வெள்ளிச் சுரங்க ஊர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 8,400. விழா உச்சத்தில் இருந்தபோது பத்து நாளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்து போனார்கள். ஊரின் முக்கியக் கடைத்தெரு மெயின் ஸ்ட்ரீட் ஒன்றுதான். 1926-ல் கட்டிய ஈஜிப்ஷியன் திரையரங்கு அந்தத் தெருவில் இருக்கிறது. மிகப் பெரிய காட்சிகள் நடந்த எக்கிள்ஸ் அரங்கம் உள்ளூர் உயர்நிலைப் பள்ளியைச் சேர்ந்தது.

லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நடிகரைப் படம் பிடிக்கப் புகைப்படக்காரர் ஊரெல்லாம் அலைய வேண்டும். இங்கே மெயின் ஸ்ட்ரீட்டில் நின்றால் போதும், எல்லோரும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். அதோடு ஜனவரி மாதம், கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம், தெரு முழுக்கப் பனி. வெளியே வருபவர் கண்டிப்பாகக் கனமான ஜாக்கெட், தொப்பி, பூட்ஸ் போட்டிருப்பார். அந்த உடைதான் படத்தில் முதலில் தெரியும். உடை விற்கும் ஒரு நிறுவனத்துக்கு இதைவிட வசதியான இடம் எங்கே கிடைக்கும்?

காலமும் கைகொடுத்தது. அமெரிக்காவில் 'அஸ்' இதழ் 2000-ல் வார இதழாக மாறியது. 2002-ல் 'இன் டச்' வந்தது. நட்சத்திரங்கள் காபி வாங்குவதையும் கடைக்குப் போவதையும் படமாகப் போட்டு விற்ற இதழ்கள் இவை. வாரா வாரம் நூற்றுக்கணக்கான படங்கள் அவற்றுக்குத் தேவை. 2001-ல் தொடங்கிய வயர்இமேஜ் போன்ற நிறுவனங்கள் பிரபலங்களின் படங்களை உடனுக்குடன் உலகெங்கும் விற்றன. ஜனவரியில் வேறு பெரிய செய்தி இல்லாத இரண்டு வாரத்தில், அந்தப் பசிக்கு மொத்தமாகத் தீனி போட்டது பார்க் சிட்டி.

பரிசு அறை எப்படி இயங்குகிறது?

ஸ்வாக் என்று அமெரிக்கர்கள் சொல்வது விளம்பரத்துக்காகக் கொடுக்கும் இலவசப் பொருளை. அதைக் கொடுக்க ஏற்பாடு செய்யும் இடத்துக்கு கிஃப்டிங் சூட் அல்லது கிஃப்ட் லவுஞ்ச் என்று பெயர். அது இயங்கும் விதம் இது:

1. ஒரு நிகழ்ச்சி நிறுவனம் மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு கடையையோ ஓவியக் கூடத்தையோ விழா நாட்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கும். கடைக்காரருக்கு அந்தப் பத்து நாள் வியாபாரத்தைவிட வாடகை லாபம். சாமான்களை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவார்.

2. அந்த இடத்தைப் பல பிராண்டுகளுக்கு மேசை மேசையாகப் பிரித்து விற்கும். ஒரு மேசையில் ஜீன்ஸ், அடுத்ததில் முகப்பூச்சு, அதற்கடுத்து ஹெட்ஃபோன். ஒவ்வொரு பிராண்டும் இடத்துக்குக் கட்டணம் கட்டும், கொடுக்க வேண்டிய பொருளையும் கொண்டுவரும்.

3. நடிகர்களின் பிஆர்ஓக்களுக்கு அழைப்பு போகும். யார் எத்தனை மணிக்கு வருகிறார் என்பது பெரும்பாலும் முன்பே பேசி வைத்ததுதான். "வழியில் எட்டிப் பார்த்தார்" என்று செய்தியில் வருவதை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

4. உள்ளே பிராண்டின் பெயர் திரும்பத் திரும்ப அச்சிட்ட பதாகை இருக்கும். நடிகர் பொருளைக் கையில் பிடித்தபடி அதன் முன் நிற்பார், படம் எடுக்கப்படும்.

5. படத்தோடு போகும் குறிப்பில் இன்ன நடிகர், இன்ன பிராண்டின் அறையில், சன்டான்ஸ் விழாவின்போது என்று இருக்கும். இதழ்களுக்கும் இணையத்துக்கும் பரவுவது அந்த வரிதான். பிராண்ட் காசு கொடுத்தது முக்கியமாக இதற்குத்தான்.

இந்த ஐந்தாவது படியில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. செய்தியாக ஒரு படத்தை வெளியிடுவதும், அதே படத்தை விளம்பரமாகப் பயன்படுத்துவதும் வேறு வேறு. ஒருவருடைய பெயரையோ முகத்தையோ அனுமதியில்லாமல் விளம்பரத்தில் போடுவது நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் சட்டப்படி தவறு. 2014-ல் நடிகை கேத்ரின் ஹைகல், டுவேன் ரீட் மருந்துக்கடை நிறுவனத்தின் மீது 60 லட்சம் டாலர் கேட்டு வழக்கு போட்டார். அவர் அந்தக் கடைப் பையோடு தெருவில் நடந்துபோன படத்தை நிறுவனம் தன் ட்விட்டர் கணக்கில் போட்டதுதான் காரணம். அவருடைய அறக்கட்டளைக்கு நன்கொடை தருவதாக ஏற்பாடாகி வழக்கு முடிந்தது. கடைக்குள் போனவர் படத்தை விளம்பரமாக்கவே இத்தனை சிக்கல் என்றால், பரிசு அறையின் மதிப்பு புரியும். பதாகையின் முன் நடிகர் தானாக வந்து நிற்கிறார், படம் செய்தியாகப் போகிறது. விளம்பர ஒப்பந்தத்துக்குப் பல லட்சம் டாலர் ஆகக்கூடிய ஒன்று ஒரு ஜாக்கெட்டில் முடிந்துவிடுகிறது. அந்த ஜாக்கெட்டும் கடை விலையில் ஆயிரம் டாலர் என்றால், நிறுவனத்துக்கு ஆகும் செலவு அதில் ஒரு பங்குதான்.

ஆகவே இதைப் பரிசு என்று அழைப்பது ஒரு மரியாதைக்காக மட்டும். நம் ஊர் மொய் நோட்டு தெரிந்தவருக்கு இது புதிதாக இருக்காது. கொடுப்பவர் எதையும் எதிர்பார்க்காதவர்போல முகத்தை வைத்துக்கொள்வார், ஆனால் கணக்கு எழுதப்படும்.

காசு கொடுத்தவரும் கொடுக்காதவரும்

லாப நோக்கமற்ற விழாவுக்கு வருமானம் டிக்கெட், நன்கொடை, ஸ்பான்சர் என்று பல வழியில் வருகிறது. அக்யுரா, அடோபி, சேஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் சன்டான்ஸின் அதிகாரபூர்வ ஸ்பான்சர்களாக இருந்திருக்கின்றன. அவை கொடுக்கும் தொகைக்குப் பதிலாக விழாவின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தும் உரிமை கிடைக்கும்.

ஸ்பான்சராகாமலே அந்தப் பலனை அடைவதற்கு ஆம்புஷ் மார்க்கெட்டிங் என்று பெயர். நமக்குத் தெரிந்த உதாரணம் 1996 கிரிக்கெட் உலகக் கோப்பை. கோக கோலா அதிகாரபூர்வ ஸ்பான்சர். பெப்சியோ, தான் அதிகாரபூர்வம் இல்லை என்பதையே கிண்டலாக விளம்பரம் செய்து மக்கள் மனத்தில் நின்றுவிட்டது. பார்க் சிட்டியில் நடந்ததும் அதே வகைதான். ஆனால் கிரிக்கெட் மைதானத்துக்குச் சுவர் உண்டு, மெயின் ஸ்ட்ரீட்டுக்குக் கிடையாது. அது பொதுத் தெரு, கடைகள் தனியாருடையவை. விழா தன் பெயரைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று வணிகமுத்திரைச் சட்டத்தின்படி தடுக்கலாம். ஆனால் பக்கத்துக் கடையை வாடகைக்கு எடுத்து, நகராட்சி உரிமமும் வாங்கி, நடிகருக்கு பூட்ஸ் கொடுப்பவரை எந்தச் சட்டத்தில் தடுப்பது?

விழாவின் கையைக் கட்டும் இன்னொரு விஷயமும் உண்டு. இதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1997-ல் அமெரிக்க நாடாளுமன்றம் வரிச் சட்டத்தில் ஒரு விளக்கம் சேர்த்தது. லாப நோக்கமற்ற அமைப்பு ஸ்பான்சரிடம் பணம் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லலாம், பெயரையும் சின்னத்தையும் காட்டலாம், அதற்கு வரி இல்லை. ஆனால் பொருளின் தரத்தைப் புகழ்ந்தாலோ, விலையைச் சொன்னாலோ, வாங்குங்கள் என்று தூண்டினாலோ அது விளம்பரமாகிவிடும், வரி விழக்கூடும். ஆக, பல லட்சம் கொடுத்த ஸ்பான்சருக்காக விழா அடக்கமாக ஒரு சின்னத்தைக் காட்டும். ஒரு பைசா கொடுக்காத பிராண்ட் எதிர்க் கடையில் நடிகரின் தோளில் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அதிகாரபூர்வ ஸ்பான்சர்கள் எரிச்சலடைந்ததில் வியப்பில்லை.

வரித்துறை உள்ளே வந்தது

நடிகர்களிடம் பரிசுப் பையின் கவர்ச்சியைக் குறைத்ததில் வருமான வரித்துறைக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் உண்மையான அன்பளிப்பு பெறுபவரின் வருமானம் ஆகாது. எது உண்மையான அன்பளிப்பு என்பதற்கு 1960-ல் உச்ச நீதிமன்றம் டூபர்ஸ்டீன் வழக்கில் அளவுகோல் சொன்னது. வியாபாரி ஒருவர், தனக்கு வாடிக்கையாளர்களைக் காட்டிக்கொடுத்தவருக்கு ஒரு கேடிலாக் காரைப் பரிசாகக் கொடுத்தார். பெற்றவர் அன்பளிப்பு என்றார், அரசு வருமானம் என்றது. எதையும் எதிர்பாராத தாராள மனத்தால் கொடுத்தால்தான் அது அன்பளிப்பு என்பது நீதிமன்றத்தின் கருத்து. கார் வருமானமாகிவிட்டது.

இந்த அளவுகோலை வைத்தால் எந்தப் பரிசு அறையும் தேறாது. 2006-ல் வரித்துறை இதை வெளிப்படையாகவே சொன்னது. அப்போது ஆஸ்கர் விழாவில் விருது வழங்க வரும் நட்சத்திரங்களுக்குப் பெரிய பரிசுக் கூடை கொடுப்பது வழக்கம். பழைய கூடைகளுக்கான வரியை, ஆஸ்கர் வழங்கும் அமைப்பான அகாதமி வரித்துறையோடு பேசித் தீர்த்துக்கொண்டு, அந்த வழக்கத்தையே நிறுத்திவிட்டது. (பின்னாளில் ஆஸ்கர் பை என்று செய்திகளில் வந்தது வேறொரு தனியார் நிறுவனம் கொடுத்தது. அதன் மதிப்பு 2 லட்சம் டாலருக்கு மேல் என்று பேச்சு கிளம்ப, 2016-ல் அகாதமி வணிகமுத்திரை மீறல் என்று வழக்கே போட்டது.)

நடைமுறையில் என்ன ஆகும்? 10,000 டாலர் சந்தை மதிப்புள்ள பொருட்களை ஒருவர் எடுத்துக்கொண்டால், அந்தத் தொகை அவர் வருமானத்தில் சேரும். உச்ச வரி விகிதமான 37 சதவீதத்தில் இருப்பவர் கையிலிருந்து 3,700 டாலர் ரொக்கமாகக் கட்ட வேண்டும், கேட்டு வாங்காத பொருளுக்கு. ஒரு நிறுவனம் கொடுத்தது ஒரு வரம்பைத் தாண்டினால், அதைப் படிவத்தில் எழுதி அரசுக்கும் தெரிவிக்க வேண்டும். அந்த வரம்பு நெடுங்காலம் 600 டாலராக இருந்து 2026 முதல் 2,000 ஆகியிருக்கிறது. வரம்புக்குக் கீழே இருந்தாலும் வரி உண்டு, படிவம்தான் இல்லை. நட்சத்திரங்களின் கணக்காளர்கள் இதை எடுத்துச் சொல்லத் தொடங்கிய பிறகு, பையை வாங்கி அப்படியே அறக்கட்டளைக்குக் கொடுப்பதும், வாங்காமலே போவதும் கூடியது.

இந்தியாவிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு வந்துவிட்டது. வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் என்ற பிரிவைச் சேர்த்து, 2022 ஜூலை முதல், தொழில் தொடர்பாகக் கொடுக்கும் சலுகையோ பொருளோ ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரிப்பிடித்தம் செய்யச் சொன்னார்கள். சமூக ஊடகப் பிரபலத்துக்கு ஒரு நிறுவனம் செல்போன் அனுப்பினால், வீடியோ போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் வரி இல்லை, வைத்துக்கொண்டால் உண்டு. யூடியூபில் "இன்னைக்கு நமக்கு வந்திருக்கிற பார்சல்" என்று பெட்டியைப் பிரிப்பவர்களுக்கு இது பொருந்தும்.

இரவல் என்பதற்கு இதனால் தனி மதிப்பு வந்தது. கான் சிவப்புக் கம்பளத்தில் மின்னும் நகைகள் பெரும்பாலும் நகை நிறுவனங்கள் அன்று இரவுக்கு மட்டும் கொடுத்து வாங்கிக்கொள்பவை.

படமெடுத்தவருக்கு என்ன ஆகிறது?

நடிகர் இலவசமாக ஒரு ஜாக்கெட் வாங்கினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நடிகர்களின் பேராசை என்று இதைப் பேசி முடிப்பது சோம்பேறித்தனம் என்பது என் எண்ணம். கேட்க வேண்டியது வேறு: அந்தத் தெருவுக்கு உலகத்தின் கவனத்தைக் கொண்டுவந்தது யார், அந்தக் கவனத்தைக் காசாக்கியது யார்?

2024 விழாவுக்கு 17,435 படங்கள் விண்ணப்பித்தன. அதில் முழுநீளப் படங்கள் 4,410. தேர்வான முழுநீளப் படங்கள் நூறுக்கும் குறைவு. விண்ணப்பிக்கக் கட்டணம் உண்டு, காலம் தாழ்த்தினால் அது கூடும். நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களும் விழாவுக்குக் காசு கட்டியவர்கள்தான். தேர்வானவர் தன் குழுவோடு, ஆண்டிலேயே அறை வாடகை உச்சத்தில் இருக்கும் நாட்களில் அந்த மலை ஊரில் தங்க வேண்டும். பிஆர்ஓ வைக்க வேண்டும், விற்பனை ஏஜென்ட் வேண்டும். பிராண்டுகள் பணத்தைக் கொட்டி வீடுகளையும் கடைகளையும் எடுக்க எடுக்க, அவருடைய செலவும் ஏறுகிறது.

அதோடு இன்னும் மூன்று விளைவுகள்:

1. பத்திரிகையாளருக்கு ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான். பரிசு அறையில் நட்சத்திரத்தின் ஐந்து நிமிடப் பேட்டி எளிதாகக் கிடைக்கும்போது, பெயர் தெரியாத இயக்குநரின் இரண்டு மணி நேரப் படம் பின்னால் தள்ளப்படுகிறது.

2. தெரிந்த முகம் இருந்தால் கவனம் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால், தயாரிப்பாளர்கள் கதை கேட்காவிட்டாலும் ஒரு நட்சத்திரத்தை உள்ளே நுழைக்கப் பார்ப்பார்கள். விழாவின் விளைவு விழாவுக்கு வெளியே, கதை எழுதும் மேசைக்கே வந்துவிடுகிறது.

3. படத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத பிரபலங்கள் பரிசுக்கும் விருந்துக்கும் மட்டும் வரத் தொடங்குவார்கள். ரெட்ஃபோர்டு பலமுறை வெளிப்படையாகக் குறைப்பட்டுக்கொண்டது இவர்களைப் பற்றித்தான்.

இத்தனைக்கும் பதிலாகப் படத்துக்கு விற்பனையில் உதவி கிடைக்கிறதே என்று வாதிடுபவர்கள் உண்டு. இந்த வாதத்துக்குத் தற்செயலாகவே ஒரு சோதனை நடந்துவிட்டது. கொரோனா காரணமாக 2021 விழா பெரும்பாலும் இணையத்தில் நடந்தது. மெயின் ஸ்ட்ரீட்டில் அறையும் இல்லை, பையும் இல்லை. அந்த ஆண்டுதான் ஆப்பிள் நிறுவனம் 'கோடா' படத்தை 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. அதுவரை விழாவில் நடந்த எந்த விற்பனையையும்விட அதிகம். அடுத்த ஆண்டு அந்தப் படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. ஓடிடி நிறுவனங்களின் பணப்பை அன்று நிரம்பியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வாங்குபவர் படம் பார்த்துத்தான் வாங்குகிறார், பரிசு அறையின் கூட்டத்தைப் பார்த்தல்ல என்பது அதில் தெளிவானது.

விழா என்ன செய்தது?

2007-ல் படத்தின் மீது கவனம் வையுங்கள் என்ற பொருளில் சட்டையில் குத்திக்கொள்ளும் பட்டன்களை விநியோகித்தார்கள். அதுவும் ஓர் இலவசப் பொருள்தானே என்று தோன்றினால் உங்களைக் குறை சொல்ல முடியாது. அதைவிட அதிகமாக வேலை செய்தது 2008-ன் பொருளாதார வீழ்ச்சி. விளம்பரப் பட்ஜெட் சுருங்க, அறைகளும் சுருங்கின. 2010-ல் மிகக் குறைந்த செலவில் எடுத்த படங்களுக்காக நெக்ஸ்ட் என்ற தனிப் பிரிவைத் தொடங்கினார்கள். பட்டனைவிட இது உருப்படியான வழி. நட்சத்திரம் இல்லாத படத்துக்கு நிரலிலேயே இடம் ஒதுக்கப்பட்டது.

அதே காலத்தில் இன்ஸ்டாகிராம் வந்து, நட்சத்திரத்தின் படத்துக்குப் பத்திரிகை தேவையில்லாமல் செய்துவிட்டது. முன்பு புகைப்படக் குறிப்பில் வந்த பிராண்டின் பெயர் இப்போது நட்சத்திரத்தின் சொந்தப் பக்கத்தில் வரும், அதற்குத் தனி ஒப்பந்தம், தனிச் சம்பளம். இலவசம் வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2009-லேயே தன் வழிகாட்டுதலில் சேர்த்தது. பார்க் சிட்டியில் மேசை போட்டுப் பொருள் கொடுப்பது குறைந்து, பிராண்ட் வீடுகள் பெருகின. அங்கே கலந்துரையாடல் நடக்கும், இயக்குநர்கள் பேசுவார்கள், காபி கிடைக்கும், சுவரெங்கும் பிராண்டின் பெயர் இருக்கும். கண்ணியமாகத்தான் இருக்கிறது. கணக்கு மட்டும் மாறவில்லை.

விழா தன்னைத்தானே கேலி செய்துகொண்ட ஒரு சந்தர்ப்பமும் உண்டு. 2011-ல் ஆவணப்பட இயக்குநர் மார்கன் ஸ்பர்லாக், படங்களுக்குள் விளம்பரம் நுழைவதைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தை முழுக்க விளம்பரப் பணத்திலேயே எடுத்து சன்டான்ஸில் திரையிட்டார். ஒரு மாதுளைச் சாறு நிறுவனம், படத்தின் தலைப்பில் தன் பெயரைச் சேர்க்க 10 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டிருந்தது.

வேறு வழி உண்டா?

நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழா வேறு பாதையில் போகிறது. அங்கே பொதுப்பணம் கணிசமாக உண்டு. ஹூபர்ட் பால்ஸ் நிதி என்ற அமைப்பு 1980-களின் கடைசியிலிருந்து ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க இயக்குநர்களுக்கு நேரடியாகப் பணம் தருகிறது. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-ல் அங்கே டைகர் விருது வாங்கியபோது படத்தில் நட்சத்திரம் யாரும் இல்லை. ஆனால் பொதுப்பணத்துக்கும் விலை உண்டு. அரசு மாறினால் நிதி சுருங்கும், என்ன திரையிடலாம் என்பதில் தலையீடு வரலாம். கலைக்கு அரசு நிதி குறைவான அமெரிக்காவில் ஸ்பான்சரை ஒதுக்கிவிட்டு இந்த அளவில் விழா நடத்துவது நடக்காத காரியம்.

ஸ்பான்சர் பணமே கூடாது என்று வாதிடுவதில் பொருளில்லை. ஸ்பான்சர் கொடுக்கும் பணம் விழாவின் கணக்கில் வந்து, பயிற்சி முகாமாகவோ புது இயக்குநரின் பயணச் செலவாகவோ வெளியே போக முடியும். பரிசு அறையின் பணம் வாடகைக்காரர், நிகழ்ச்சி நிறுவனம், நடிகர் என்று சுற்றிவிட்டுப் படமெடுத்தவரைத் தொடாமலே ஊரைவிட்டுப் போய்விடும்.

போல்டரில் மாறுமா?

கொலராடோ மாநிலம் பத்தாண்டுகளில் 3.4 கோடி டாலர் வரிச் சலுகை தருவதாகச் சட்டம் போட்டு விழாவை ஈர்த்தது. போல்டர் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பல்கலைக்கழக நகரம். அரங்குகள் பரவலாக இருக்கும், மாணவர்கள் பார்வையாளராக வருவார்கள், எல்லோரும் ஒரே தெருவில் நடந்தாக வேண்டிய கட்டாயம் குறையும். புகைப்படக்காரருக்கும் பரிசு அறைக்கும் இது கொஞ்சம் சிரமம்.

மறுபக்கம், மாநிலம் இவ்வளவு கொடுப்பது பயணிகள் வந்து செலவழிப்பார்கள் என்ற கணக்கில். கூட்டம் வேண்டும், கூட்டத்துக்குப் பிரபலம் வேண்டும். போல்டரின் நடுவே வாகனம் நுழையாத பேர்ல் ஸ்ட்ரீட் கடைத்தெருவும் இருக்கிறது, அங்கேயும் கடைகள் தனியாருடையவைதான். விழா நாட்களில் யாருக்குத் தற்காலிக உரிமம், அதிகாரபூர்வ ஸ்பான்சருக்கு முன்னுரிமை உண்டா, உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கு படைப்பாளிகளின் தங்கும் செலவுக்குப் போகுமா என்ற மூன்றும் நகராட்சியும் விழாவும் பேசி முடிவு செய்ய வேண்டியவை. 2027 ஜனவரியில் எந்த நடிகர் என்ன ஜாக்கெட் போட்டிருந்தார் என்று செய்தி வருவதற்கு முன்பே, பேர்ல் ஸ்ட்ரீட் கடைக்காரர்கள் அந்தப் பத்து நாளுக்கு என்ன வாடகை கேட்கிறார்கள் என்பதைப் பார்த்தால் பாதி விடை தெரிந்துவிடும்.